மேடையும் பள்ளிக்கூடமும்: ஓர் இளம் கர்நாடக இசைப் பாடகியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சேரி முடிந்து சுருதிப்பெட்டியை உறையில் இடும்போது ரசிகர்களும், பள்ளி நிகழ்ச்சி முடிந்து ஆசிரியர் அறையில் தேநீர் அருந்தும்போது தலைமையாசிரியர்களும், பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நான் சென்னையில் வசிக்கும் வாய்ப்பாட்டுக் கலைஞர். கச்சேரிகளை நடத்தும் அமைப்புகளான சபாக்களின் மேடைகளில் பாடத் தொடங்கிப் 11 ஆண்டுகள் ஆகின்றன. மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சென்று பாடத் தொடங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. நின்றுகொண்டே அவசரமாகச் சொன்ன பதில்களைச் சற்று உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு.

‘வளர்ந்துவரும் கலைஞர்’ என்று உங்களை இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு அழைப்பார்கள்?

என் அம்மாவும் இதையே கேட்கிறார். கர்நாடக இசையில் இளமை சற்று நீளமானது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் வழங்கும் விருதுகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் ‘கலை இளமணி’யும், 19 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குக் ‘கலை வளர்மணி’யும் உண்டு. சங்கீத நாடக அகாதெமி 2006-ஆம் ஆண்டு ஏற்படுத்திய உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்காரத்தை 40 வயது வரை பெறலாம். வேறு எந்தத் தொழிலிலும் இந்த வயதில் ஒருவரை இளையவர் என்று சொல்ல மாட்டார்கள்.

இதில் நியாயமும் இருக்கிறது. ஒரு ராகத்தை அரை மணி நேரம் ஆலாபனை செய்வதற்கு அதைப் பல ஆண்டுகள் கேட்டும் பாடியும் இருக்க வேண்டும். பதினெட்டு வயதில் நான் பாடிய தோடியின் ஒலிப்பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. சுருதியும் தாளமும் சரியாக இருக்கின்றன. குருவிடம் கேட்டதை அப்படியே ஒப்பித்திருக்கிறேன் என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

எந்த வயதில் கற்கத் தொடங்கினீர்கள்? கச்சேரி செய்ய எத்தனை ஆண்டுகள் ஆகும்?

ஆறு வயதில் தொடங்கினேன். எல்லோரையும் போல மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிறகு கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அதன்பின் கிருதிகள். வர்ணம் வரை வருவதற்கு எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. இரண்டே ஆண்டுகளில் வந்துவிட்டவர்களும் உண்டு, அவர்களில் சிலர் பிறகு பாடுவதையே நிறுத்திவிட்டதும் உண்டு. ஆண்டுக் கணக்கு எதையும் உறுதியாகச் சொல்லாது.

கச்சேரிக்குத் தேவையான உருப்படிகளைச் சேர்த்துக்கொள்வதை விட, மனோதர்மம் என்று நாம் சொல்கிற, அந்தந்தக் கணத்தின் கற்பனையில் பிறக்கும் ஆலாபனை, ஒரே வரியைப் பலவாறு விரிக்கும் நிரவல், ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம் ஆகியவற்றை மேடையில் பயமின்றிப் பாடும் நிலைக்கு வருவதே நெடும்பயணம். அதற்கு வழி சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சி, மட்டுமே. காலையில் ஒரு மணி நேரம் ‘ஆ’ என்று மட்டும் பாடும் அகாரத்தில் மூன்று வேகங்களில் வரிசைகளைப் பாடிவிட்டுத்தான் இன்றும் என் நாள் தொடங்குகிறது. கிருதிகள் அதன் பிறகுதான்.

சபா மேடை எப்படிக் கிடைக்கிறது?

விண்ணப்பம், போட்டி, குருவின் பரிந்துரை, ஏற்கெனவே பாடியதைக் கேட்ட ஒருவரின் நினைவாற்றல் ஆகிய நான்கும் சேர்ந்துதான் வாய்ப்பு வருகிறது. எந்த ஒன்றும் தனியாகப் போதாது.

சென்னையின் டிசம்பர் இசைவிழா எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடத்தப்பட்டது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. அதன் ஆண்டு விழாவைச் சுற்றி மற்ற சபாக்களின் விழாக்களும் வளர்ந்து, இன்று மார்கழி மாதத்தில் நகரெங்கும் ஒரே நாளில் பல மேடைகளில் கச்சேரிகள் நடக்கின்றன. ஒவ்வொரு சபாவிலும் நேரத்துக்கு ஒரு படிநிலை உண்டு. நண்பகலிலும் பிற்பகலின் தொடக்கத்திலும் பாடுகிறவர்கள் இளையோர். அந்தக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் அனுமதி இலவசம். மாலை நான்கு மணிக்கு மேல் டிக்கெட். அது மூத்தவர்களின் நேரம். ஒரு பாடகர் நண்பகலிலிருந்து மாலைக்கு நகர்வதைத்தான் இங்கே முன்னேற்றம் என்கிறோம். கடிகாரத்தில் நான்கு மணி நேர இடைவெளி. வாழ்க்கையில் அது பதினைந்து ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

என் முதல் நண்பகல் கச்சேரியில் முன்வரிசையில் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஐவர் உறவினர்கள். இருவர் கேன்டீனில் சாப்பாட்டுக்கு வரிசை குறையும் வரை குளிர்ச்சியாக உட்கார வந்தவர்கள். மீதி ஏழு பேரும் உண்மையான ரசிகர்கள். அவர்களில் ஒரு முதியவர் தாளம் போட்டுக்கொண்டே ஒரு நோட்டில் ராகங்களை எழுதிக்கொண்டிருந்தார். நான் பாடிய ஓர் அபூர்வ ராகத்துக்கு நேரே அவர் கேள்விக்குறி போட்டதை மேடையிலிருந்தே பார்த்தேன்.

இளையோருக்கென்றே மேடை அமைத்துக்கொடுக்கும் முயற்சிகளும் இருக்கின்றன. 1985-இல் இளம் கலைஞர்களே சேர்ந்து தொடங்கிய யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அந்தத் தலைமுறையில் பலர் பின்னர் முன்னணிக் கலைஞர்கள் ஆனார்கள்.

ஆகாசவாணி வானொலியின் தேர்வு இன்றும் அவசியமா?

அவசியமில்லை, ஆனால் பயனுண்டு. பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கும் அந்தத் தேர்வு, முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு மதிப்பிடும் மிகச் சில இடங்களில் ஒன்று. ஒலிப்பதிவு அறையில் ரசிகர் எவரும் இல்லாமல், மணி பார்த்து, குறித்த நிமிடத்தில் முடிக்கும்படி ஒரு ராகத்தைப் பாடும்போது நம் குறைகள் நமக்கே கேட்கும். வெளியூர் விழாக்குழுக்கள் இன்னும் ‘எந்த கிரேடு?’ என்று கேட்கின்றன.

இதில் வாழ முடிகிற அளவுக்கு வருமானம் வருகிறதா?

மேடையிலிருந்து மட்டும் என்றால், என் நிலையில் உள்ள பெரும்பாலோருக்கு வருவதில்லை. இதைச் சொல்லத் தயங்குவதால்தான் இளையவர்கள் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு வந்து இரண்டாண்டுகளில் சோர்ந்துபோகிறார்கள் என்பது என் எண்ணம். இளையோர் கச்சேரிக்குச் சபாக்கள் தரும் சன்மானம் சிறியது. அதிலும் வயலின், மிருதங்கம், சில சமயம் கடமோ கஞ்சிராவோ வாசிக்கும் பக்கவாத்தியக் கலைஞர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது ஆட்டோவுக்குச் சரியாகும். அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு நாம் எடுத்துக்கொள்வது தகாது. அவர்களும் நம்மைப் போலவே பதினைந்து ஆண்டு கற்றவர்கள்.

ஒருமுறை ஓர் அமைப்பு, விளம்பரதாரர் ஒருவரை நானே பிடித்து வந்தால் மாலை நேரம் தருவதாகச் சொன்னது. நான் மறுத்துவிட்டேன், அடுத்த மூன்று ஆண்டுகள் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் வேறு இடங்களில் பாடினேன் என்பதைத் தவிர இதில் வீரம் எதுவும் இல்லை. மறுக்கும் வசதி எனக்கு இருந்தது, எல்லோருக்கும் இருக்காது.

வாடகையும் மளிகையும் வருவது பாட்டு வகுப்புகளிலிருந்து. வெளிநாடுகளில் உள்ள மாணவர்களுக்கு இணைய வழியாக அதிகாலையிலும் பின்னிரவிலும் கற்பிக்கிறேன். படிக்கும் வயதினருக்கு மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை ஒன்று உண்டு: 18 முதல் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். எனக்கு அது கிடைத்தபோது முதல் மாதத் தொகையில் நல்ல மரத் தம்புரா ஒன்றைப் பழுது பார்த்தேன்.

மார்கழி தவிர மற்ற மாதங்களில் என்ன செய்கிறீர்கள்?

ராமநவமி, நவராத்திரி, கோயில் உற்சவங்கள், வெளியூர் சபாக்கள். தை மாதம் புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. அங்கே காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தின கிருதிகளைப் பாடுவார்கள். விழா நாட்களில் ஒவ்வொரு கலைஞருக்கும் தனியாகச் சில நிமிடங்கள் தருவார்கள். அங்கு மூத்தவரும் நேற்று வந்தவரும் ஒரே மேடையில், ஒரே அளவு நேரத்துக்குப் பாடுகிறார்கள். படிநிலை இல்லாத மேடை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் அதுதான்.

திருமண வரவேற்பில் பாடுவீர்களா?

பாடுவேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்பது தெரிந்தே பாடுவேன். புதிதாகக் கற்ற உருப்படியை முதன்முதலாக வெளியில் பாடிப் பார்ப்பதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

பள்ளிகளில் பாடும் பணி எப்படித் தொடங்கியது?

திட்டமிட்டுத் தொடங்கவில்லை. மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கும் தோழி ஒருவர், குழந்தைகள் தினத்துக்கு இறைவணக்கம் பாட வர முடியுமா என்று கேட்டார். போனேன். மதிய உணவுக் கூடத்தில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து எழுபது குழந்தைகள். தட்டுகள் கழுவும் ஓசை இன்னும் அடங்கவில்லை. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, அது பின்னால் பார்த்தால் நல்லதுதான்.

முதல் சிக்கல் மின்விசிறி. என் சுருதி, அதாவது நான் பாடும் ஆதார ஒலி, ஐந்து கட்டை. அந்தக் கூடத்தின் பழைய மின்விசிறியின் ரீங்காரம் அதற்கு மிக அருகில், ஆனால் ஒரு மயிரிழை மேலே இருந்தது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. மோட்டார்கள் அதன் இருமடங்கான 100-இல் ரீங்கரிக்கும். ஐந்து கட்டையில் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயி ஏறத்தாழ 98. இந்தச் சின்ன வேறுபாடு பாடகியின் காதில் ஊசியாய்க் குத்தும். விசிறியை நிறுத்தச் சொன்னேன். எழுபது குழந்தைகளும் ஒரே குரலில் ‘ஐயோ’ என்றார்கள். மறுபடி போடச் சொல்லிவிட்டு, மின்னணுத் தம்புராவைத் திருகி விசிறியின் சுருதிக்கு ஏற்றிக்கொண்டேன். ‘இப்ப ஃபேனும் அக்காவும் ஒண்ணாப் பாடுறாங்க’ என்று ஒரு சிறுவன் சொன்னான். சுருதி சேர்வது என்றால் என்ன என்பதை நான் அதற்குப் பிறகு இவ்வளவு எளிதாக யாருக்கும் விளக்கியதில்லை. இன்றும் ஒவ்வொரு பள்ளியிலும் முதலில் விசிறியைக் கேட்கச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

இரண்டாவது சிக்கல் நான் எதிர்பாராதது. ஒரு கிருதியின் பல்லவியை எடுத்து, வழக்கம்போல் ஒவ்வொரு சங்கதியாக, அதாவது அதே வரியை ஒவ்வொரு முறையும் சிறு மாற்றத்துடன், விரித்துப் பாடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சங்கதியில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மிகுந்த அக்கறையுடன் கேட்டாள்: ‘அடுத்த வரி மறந்துபோச்சா அக்கா?’

கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஐந்து சங்கதிகளுக்கும் இடையே இருந்த மாற்றம் அவள் காதுக்கு எட்டவில்லை என்றால், நான் அவற்றை வேறுபடுத்திப் பாடவில்லை என்றுதான் அர்த்தம். பழகிய ரசிகர்கள் அடுத்து என்ன வரும் என்று அறிந்திருப்பதால், நான் பாடாமல் விட்டதையும் தங்கள் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். அவளிடம் நிரப்ப எதுவும் இல்லை. நான் கொடுத்தது மட்டும்தான் இருந்தது. அன்றிரவு அதே பல்லவியை வைத்துக்கொண்டு, ஒரு சங்கதிக்கும் அடுத்ததற்கும் எந்த ஸ்வரத்தில் கிளை பிரிகிறது என்பது விரலால் தொட்டதைப் போல் கேட்கும் வரை பாடினேன். அடுத்த மாதம் அதே பள்ளிக்குப் போய், ஒவ்வொரு சங்கதிக்கும் எங்கே மாறுகிறது என்று கையைத் தூக்கச் சொன்னேன். மூன்றாவது முறையில் பெரும்பாலான கைகள் சரியான இடத்தில் உயர்ந்தன.

குழந்தைகளுக்காக எளிமைப்படுத்திப் பாடுவீர்களா? சினிமாப் பாடல் பாடுவீர்களா?

நேரத்தைக் குறைப்பேன், இசையைக் குறைக்க மாட்டேன். ஸ்வரங்களை அசைத்துப் பாடும் கமகங்களை நீக்கிவிட்டு வெறும் மெட்டாகப் பாடினால் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் எனக்கு அறிவுரை சொன்னார்கள். என் அனுபவம் நேர்மாறானது. கமகம்தான் அவர்களை முதலில் பிடித்து இழுக்கிறது. காம்போதியில் ஒரு நீண்ட பிடியைப் பாடிவிட்டு நிறுத்தினால், அதை நாக்கைச் சுழற்றித் திருப்பிப் பாட முயலாத குழந்தையே கிடையாது. பெரும்பாலும் தவறாக வரும். அந்தத் தவறுகளும் கேட்க அருமையாக இருக்கும்.

தாளம் இன்னும் எளிது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை, ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்புதல் இரண்டு முறை என்று ஐந்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிறகு நான் பாடுவேன், அவர்கள் தாளம் போடுவார்கள்; நடுவில் வேண்டுமென்றே ஒரு எண்ணிக்கை தவறுவேன். ‘அக்கா தப்பு!’ என்று கத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் கண்ணால் மட்டுமே சொல்லும் ஒன்றை இவர்கள் உரக்கச் சொல்கிறார்கள். அருணகிரிநாதரின் திருப்புகழ் இந்த விளையாட்டுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். சந்தமே தாளத்தைக் கையில் பிடித்துக் கொடுத்துவிடும்.

சினிமாப் பாடல்களைப் பாடி, ‘இது இந்த ராகம்’ என்று சொல்லும் முறையில் தவறு ஒன்றும் இல்லை. நான் அதைக் கடைசி ஐந்து நிமிடங்களுக்கு வைத்துக்கொள்கிறேன், அதுவும் அவர்கள் பாட, ராகத்தை நான் கண்டுபிடிப்பதாக. சில சமயம் எனக்கும் பிடிபடாமல் போகும்.

ஏன் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறீர்கள்?

இதுவும் ஒரு மூன்றாம் வகுப்பு மாணவனின் கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் கண்ணைத் திறந்துகொண்டேன். இப்போது மேடையிலும் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. வயலின்காரர் எப்போது புன்னகைக்கிறார் என்பது தெரிகிறது.

எந்த மொழிப் பாடல்களைப் பாடுகிறீர்கள்?

மேடையில் தெலுங்கு, சமஸ்கிருதம், தமிழ், கன்னடம் எல்லாம். பள்ளிகளில் பெரும்பாலும் தமிழ். புரிகிற மொழியில் பாடினால் கேட்பவரின் மனம் சொல்லோடு பயணம் செய்து ராகத்துக்குள் நுழைகிறது என்பது எளிய உண்மை. மேடைகளில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று எழுந்த இயக்கத்தின் விளைவாக 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. அதற்கு முன் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் கச்சேரியின் கடைசியில், துக்கடா என்ற பகுதியில்தான் வந்தன. இன்று நிலைமை மாறியிருக்கிறது, ஆனால் முழுவதும் மாறவில்லை. கச்சேரியின் நடுநாயகமான உருப்படியாக, தமிழில் பாடல்கள் இயற்றிய முத்துத்தாண்டவரையோ மாரிமுத்தாப் பிள்ளையையோ எடுத்தால் இன்றும் சிலர் அதைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டுகிறார்கள். குறிப்பிட்டுச் சொல்லாமல் இயல்பாக ஏற்றுக்கொள்ளும் நாளில்தான் மாற்றம் முழுமை பெறும்.

இதைச் சமூக சேவை என்று சொல்லலாமா?

அந்தச் சொல்லை நான் தவிர்க்கிறேன். காரணம் அடக்கம் அல்ல.

கர்நாடக இசைக் கலைஞர்கள் பொதுக் காரியங்களுக்காகப் பாடுவது புதிதல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமி நிதி திரட்டுவதற்காகப் பாடிய கச்சேரிகள் ஏராளம். 1974-இல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச்சேவைக்கான பிரிவில்தான் வழங்கப்பட்டது. ஆனால் அது வேறு வகை: வழக்கமான ரசிகர்கள் முன்னிலையில் பாடி, வந்த பணத்தை வேறொரு இடத்துக்கு அனுப்புவது. இசையே இதுவரை போகாத இடத்துக்குப் போவது இரண்டாவது வகை. கிரண் சேத் 1977-இல் தொடங்கிய ஸ்பிக் மெகே அமைப்பு மூத்த கலைஞர்களைக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் அழைத்துச் சென்றது. சென்னை பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் 2015-இல் தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் பறையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் இடம்பெற்றன. அந்த விழாவைப் பற்றி என் வட்டாரத்தில் இன்றும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் அது எழுப்பிய கேள்வியை எங்கள் தலைமுறை தட்டிக்கழிக்க முடியவில்லை.

கேள்வி இதுதான்: இந்த இசை யாருடையது? சபா அரங்கில் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வகை வீடுகளிலிருந்து வந்த முகங்கள்தான் தெரிகின்றன. ஆனால் இந்த இசையைக் கட்டிக் காத்தவர்களில் நாகசுரக் கலைஞர்களும் இசை வேளாளர் குடும்பங்களும் ஓதுவார்களும் முதன்மையானவர்கள். திருவையாற்றில் தியாகராஜருக்கு நினைவாலயம் எழுப்பத் தம் செல்வத்தையே செலவிட்ட பெங்களூர் நாகரத்தினம்மாவுக்கே அங்கு பாடும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை. பெண்களுக்கென்று தனியாக ஆராதனை நடத்திய அவரது குழுவும் மற்றக் குழுக்களும் ஒன்றிணைந்தது 1940-களின் தொடக்கத்தில்தான். இன்று அங்கே முன்வரிசையில் அமர்ந்து பாடும் பெண்களில் நானும் ஒருத்தி. எனவே மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைக்கு நான் இசையைத் ‘தருகிறேன்’ என்று சொல்வது எனக்கு உவப்பானதல்ல. வடசென்னைப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னைவிடத் துல்லியமாகத் தாளம் போட்டான். விசாரித்தபோது அவன் தாத்தா கோயிலில் தவில் வாசித்தவர் என்று தெரிந்தது. வீட்டில் தவில் பரணில் இருக்கிறது என்றான்.

முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பாடுகிறீர்களே, இசை நோயைக் குணப்படுத்துமா?

நான் பாடகி, மருத்துவர் அல்ல. இந்த ராகம் இந்த நோய்க்கு என்று பட்டியல் போட்டுச் சுற்றுக்கு விடப்படும் செய்திகளை எனக்கு அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதியோர் இல்லங்களில் நான் கண்டது ஒன்று: அவர்கள் நேயர் விருப்பம் கேட்கிறார்கள், அதுவும் திட்டவட்டமாக. ‘அந்தப் பாட்டை அரியக்குடி பாடுகிற காலப்பிரமாணத்தில் பாடு, ஓடாதே’ என்று சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி என்னைத் திருத்தினார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இல் மறைந்தவர். இன்று நாங்கள் பின்பற்றும் கச்சேரி அமைப்பை வகுத்தவர் என்று போற்றப்படுபவர். அவரை நேரில் கேட்ட காதுகள் அங்கே இருந்தன. நான் வேகத்தைக் குறைத்தேன். ‘ம்’ என்றார்.

எங்கள் பள்ளிக்கு உங்களை அழைக்க என்ன செய்ய வேண்டும்?

மிகக் குறைவானவையே தேவை. தரையில் விரிக்க ஒரு ஜமுக்காளம், மின்னணுத் தம்புராவுக்கு ஒரு மின் இணைப்பு, அறுபது குழந்தைகளுக்கு மேல் இல்லாத ஒரு வகுப்பறை, நாற்பது நிமிடங்கள். மதிய உணவுக்கு அடுத்த பாடவேளை வேண்டாம். பாதி பேர் தூங்கிவிடுவார்கள், அதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆசிரியர்கள் பிரம்போடு சுற்றி வந்து அமைதிப்படுத்தக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை. குழந்தைகள் பேசினால், நான் இன்னும் அவர்களை ஈர்க்கவில்லை என்று பொருள். அது எனக்குத் தெரிய வேண்டும்.

பொன்னாடை வேண்டாம். வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை மூன்றும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, பாடுவதற்குப் பதினைந்து நிமிடம் மிஞ்சிய நிகழ்ச்சிகள் எனக்கு நேர்ந்திருக்கின்றன. கட்டணம் எனக்கு இல்லை. மிருதங்கக் கலைஞர் உடன் வந்தால் அவருக்கு உரிய தொகையை நானோ நண்பர்களோ ஏற்பாடு செய்கிறோம். அவரை இலவசமாக வரச்சொல்லிக் கேட்பதில்லை. ஒரே ஒருமுறை வந்து போவதையும் நான் இப்போது நிறுத்திவிட்டேன். ஆண்டுக்கு ஆறு முறையாவது வர அனுமதிக்கும் பள்ளிகளுக்கே செல்கிறேன். அதனால் பள்ளிகளின் எண்ணிக்கை நான்கைத் தாண்டவில்லை.

எங்கள் மகள் நன்றாகப் பாடுகிறாள். தனி வகுப்புக் கட்டணம் கட்ட வசதி இல்லை. வழி உண்டா?

உண்டு, பலருக்கும் தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை 17 இடங்களில் நடத்துகிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு; 12 வயது நிறைந்தவர்கள் சேரலாம்; கட்டணம் மிகக் குறைவு. அதற்கு மேல் படிக்க விரும்பினால் சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1949-இல் தொடங்கியபோது அதன் முதல்வராக இருந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர்.

பள்ளியில் படிக்கும் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கலாசார வளங்கள் பயிற்சி மையம், அதாவது சி.சி.ஆர்.டி., திறனறி உதவித்தொகை ஒன்றை வழங்குகிறது. இந்த விண்ணப்பத்தை நிரப்புவதில்தான் பெற்றோர் திணறுகிறார்கள். எந்த ராகங்கள், எந்த வர்ணங்கள் தெரியும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அவள் எந்த ஆசிரியரிடம் கற்றாலும், அவர் சொல்லிக்கொடுக்கும் போதே கைபேசியில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேளுங்கள். வீட்டில் பாடம் கேட்க வேறு ஆளில்லாத குழந்தைக்கு அந்தப் பதிவே இரண்டாவது ஆசிரியர்.

குரலை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

தூங்குகிறேன். வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு பற்றி எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. போதிய உறக்கம் இல்லாத நாளில் அவற்றில் எதுவும் எனக்கு உதவியதில்லை. தொண்டை கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதற்குக் கஷாயம் போதாது.

பள்ளிப் பணியால் உங்கள் மேடை வாய்ப்புகள் கூடியிருக்கின்றனவா?

இல்லை. சபா செயலாளர் எவரும் இதைக் காரணமாகக் கொண்டு எனக்கு மாலை நேரம் தந்ததில்லை, தரவும் தேவையில்லை. இந்தப் பணியை விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பதற்காகத் தொடங்க நினைக்கும் இளையவர்கள், அந்த நேரத்தைச் சாதகத்தில் செலவிட்டால் அதிகப் பயன் பெறுவார்கள்.

என் பாட்டில் ஏற்பட்ட மாற்றம் வேறு விஷயம். சென்ற மார்கழியில் பிற்பகல் ஒன்றரை மணிக் கச்சேரி ஒன்றில் பைரவியைப் பிரதானமாக எடுத்தேன். அனுபல்லவியில் நிரவல் செய்யும்போது, ஒரே சொற்றொடரை எட்டாவது முறையாகப் பாடப் போகும் தருணத்தில் ‘மறந்துபோச்சா அக்கா?’ என்ற குரல் காதில் கேட்டது. அதைப் பாடாமல் நிறுத்திவிட்டுக் கல்பனாஸ்வரத்துக்குப் போனேன். கச்சேரி முடிந்ததும், நோட்டில் ராகம் எழுதும் அதே முதியவர் வந்து, நிரவலை ஏன் அவ்வளவு சீக்கிரம் முடித்தாய் என்று குறைபட்டுக்கொண்டார். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இந்த ஆண்டு எத்தனை முறை பாடுவது என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.